பவுடர் பச்சமுத்துவும் பதினேழு பானைகளும்

வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் வரும் சாயங்கால பஸ்ஸில், ஜனங்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிற நாளில்கூட, காரைமேட்டுப் பச்சமுத்துவுக்கு மட்டும் மூன்று பேர் உட்காரும் சீட்டு முழுசாகக் கிடைத்துவிடும். இதற்காக அவர் யாரையும் சிபாரிசுக்குப் பிடித்ததில்லை. யாரையும் மிரட்டியதும் இல்லை. மடியில் ஒரு சின்ன மூட்டையை வைத்துக்கொண்டு சும்மா உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் முதலில் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு தன் செருப்பைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு, அடுத்த ஸ்டாப்பில் ஏதோ அவசர வேலை இருப்பவர்போல் எழுந்து போய்விடுவார்.

மூட்டைக்குள் இருந்தது பி.எச்.சி. பவுடர் என்கிற பூச்சி மருந்து. பத்து வருஷம் பூட்டிக் கிடந்த அறையை யாரோ இடித்து, சலித்துப் பொட்டலம் கட்டிய மாதிரி ஒரு வாடை அதற்கு. பச்சமுத்துவுக்கு அது வாடையாகவே பட்டதில்லை. விஞ்ஞானம் அப்படித்தான் மணக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஜாதகக் குறிப்பெல்லாம் தேவையில்லை. பவுடர்களை வரிசையாகச் சொன்னாலே போதும். ஆறு வயதில் ரோஸ் கலர் பல்பொடி. பல்லுக்குப் போகிற வழியில் அதை அவர் நாக்கிலேயே நிறுத்திக்கொண்டதால் ஒரு டப்பா மூன்று நாளில் தீர்ந்தது. பல் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது. இருபத்து மூன்றில் முகப் பவுடர். கல்யாணத்தன்று பூசியிருந்த கனத்துக்கு, தாலி கட்ட அவர் குனிந்தபோது மணப்பெண் சுலோச்சனா அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டாள். அது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் விவாதத்தை ஆரம்பிப்பதற்குள் மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டது. முப்பதில் டி.டி.டி. மலேரியாக்காரர்கள் வீடு வீடாக மருந்தடிக்க வந்தபோது ஊரே பாத்திரம் பண்டத்தை அள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. இவர் மட்டும் உள்ளேயே நின்று, "அந்த மூலையில இன்னொரு கோட்டு குடுங்க சார்" என்று கேட்டார்.

நாற்பதில் பி.எச்.சி. அதோடு பட்டமும் வந்து சேர்ந்தது. ஊரில் இன்னொரு பச்சமுத்து இல்லாவிட்டாலும், அடையாளம் தவறிவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் அவரைப் பவுடர் பச்சமுத்து என்றே சொன்னார்கள்.

அப்பேர்ப்பட்டவர் பவுடரை எப்படி விட்டார் என்பதுதான் இங்கே சொல்லவேண்டிய சரித்திரம்.

காரைமேடு நெல் ஊர். ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல். இல்லாவிட்டால் நெல்லைப் பற்றிய பேச்சு. பச்சமுத்துவுக்கோ ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் ஒன்றரை ஏக்கர் செம்மண் இருந்தது. அதில் ஒரு கிணறு, கரண்டு இருந்தால் ஓடுகிற ஒரு மோட்டார். எழுபத்தெட்டாம் வருஷக் கடைசியில், சர்க்கரை ஆலையின் பீல்டுமேன் ஏசுதாஸ், கால்சட்டையில் கிளிப்பு மாட்டிக்கொண்டு, சைக்கிளில் வந்து இறங்கினார். மேட்டு நிலத்துக்குக் கரும்புதான் லாயக்கு, ஆலையில் பதிவு செய்துகொண்டால் விளைந்ததையெல்லாம் ஆலையே வெட்டி எடுத்துக்கொள்ளும் என்றார். பச்சமுத்து இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கரும்புக்குப் பவுடர் உண்டா சார்?"

"உண்டு. கறையானுக்குப் போடணும்."

அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் வீராசாமி சிரித்த சிரிப்பில் கிளாஸில் இருந்த டீ பாதி வெளியே வந்தது. வீராசாமி சுலோச்சனாவின் அண்ணன். முப்பாட்டன் காலத்திலிருந்து நெல். நெல்லைத் தவிர வேறு எது விளைந்தாலும் அது களை என்பது அவர் கட்சி.

"இன்னா மச்சான், கரும்பு போடப்போறியாமே? நம்ம ஊர்ல கரும்புன்னா அது பொங்கலுக்கு வாசல்ல சாத்திவெக்கிற சாமான்பா. அத்த போய் பயிர்னு சொல்லிக்கினு கீறியே!"

பச்சமுத்து டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஊர் கேட்கும்படி சொன்னார்: "தோ பாரு வீராசாமி. மொத லோடு கெளம்புற அன்னிக்கு லாரிக்கு மேல நான் உக்காந்திருப்பேன். உன் வூட்டு வாசல்ல நிறுத்தி ஆரன் அடிச்சிட்டுத்தான் ஆலைக்குப் போவேன்."

சொல்லும்போது பதினைந்து பேர் இருந்தார்கள். மறுநாள் விசாரித்தால் நூறு பேர் இருந்ததாகத் தெரியவந்தது.

தை பிறந்ததும் நடவு. கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி, அதாவது கரணை போட்டு, உழுத சாலில் படுக்கவைத்து மண் மூடியவள் சிட்டம்மாள். அந்த வட்டாரத்தில் கரணை வெட்டத் தெரிந்த கூலிக்காரி அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவள். நட்டு மூன்று வாரம் ஆயிற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு முளை தலை நீட்டியது. மற்ற இடமெல்லாம் மொட்டைத் தரை. பச்சமுத்து ஒரு கரணையைத் தோண்டி எடுத்தார். எடை இல்லாமல் வந்தது. பிளந்து பார்த்தார். மேல் தோல் அப்படியே இருந்தது. உள்ளே கரும்பு இல்லை, மண் இருந்தது. கறையான் வெட்டுவாய் வழியாகப் புகுந்து, சதையைச் சாப்பிட்டுவிட்டு, காலி செய்த இடத்தைப் பொறுப்பாக மண் போட்டு மெழுகிவிட்டுப் போயிருந்தது. காண்டிராக்டுக்குக் கட்டடம் கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்வதில்லை.

ஏசுதாஸ் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "செத்த இடத்துல புதுக் கரணை போடுங்க. மாசி பிறந்ததும் போட்டுடுங்க. பங்குனி இருபதாம் தேதி வந்து முளைப்பு எண்ணுவேன். நூத்துக்கு அம்பது முளைச்சிருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் பதிவு ரத்து. பதிவு இல்லாத கரும்ப ஆலை தொடாது."

பதிவு ரத்தானால் கரும்பு இல்லை. கரும்பு இல்லாவிட்டால் லாரி இல்லை. லாரி இல்லாவிட்டால் ஆரன் இல்லை. வீராசாமியின் வாசல் மட்டும் அங்கேயே இருக்கும். தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பச்சமுத்து வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினார். வரும்போது மூன்று பேர் சீட்டு.

நிலத்தின் கிழக்குப் பாதியில் மூட்டை முழுவதையும் வாரி இறைத்தார். அன்றைக்கு நல்ல காற்று. பவுடரில் பாதி நிலத்துக்கும், கால்வாசி அவருக்கும், மீதி பக்கத்துக் கொல்லைக்கும் போய்ச் சேர்ந்தது. பட்ட இடத்தில் கறையான் செத்தது, சந்தேகமில்லை. செத்து, வெள்ளை வெளேரென்று அரிசி சிந்தின மாதிரி மண்மேல் கிடந்தது. அரிசி என்றுதான் சுலோச்சனாவின் கோழிகளும் நினைத்தன.

மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது கோழி, ஒரு சேவல், ஆகப் பத்து உருப்படி கால் நீட்டின.

கோழி போனதற்குக்கூட சுலோச்சனா அழுது தீர்த்திருப்பாள். சேவல் விஷயம் வேறு. அது பொன்னியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். ஆடித் திருவிழாவில் கொண்டுபோய் விடவேண்டியது. எதற்காக நேர்ந்துகொண்டாள் என்றால், போன வருஷம் முழுக்கப் புருஷன் லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமல் நிற்கவேண்டும் என்று. அந்த இருமல் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று ஊருக்கெல்லாம் தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்கலாம். பச்சமுத்துவுக்கு மட்டும் அது பனிக்காலத்துக் கோளாறு.

"அம்மனோட சேவலயே கொன்னுட்டியேய்யா!" என்று வாசலில் நின்றுகொண்டு சுலோச்சனா ஆரம்பித்தாள். "சாமி வந்து என் சேவல் எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ? பவுடர் போட்டேன்னு சொல்லுவியா?"

"கறையானுக்குத்தான் போட்டேன். சேவல யாரு துன்னச் சொன்னது?"

"ஓகோ. அதுக்கு நோட்டீஸ் குடுத்தியா? தோ பாரு, ஆடிக்குள்ள இன்னொரு சேவல் வளந்து நிக்கணும். அதுவரைக்கும் இந்த வூட்லயோ கொல்லிலயோ பவுடர் வாட வந்துச்சின்னா, நீயும் உன் மூட்டையும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுலயே குடித்தனம் பண்ணிக்குங்க."

சொன்னதோடு நிற்காமல் வீட்டில் இருந்த பவுடர்களையெல்லாம் எடுத்துப் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். எது எது என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அப்போது அவளுக்கு இல்லாததால், முகப் பவுடரும் ரோஸ் கலர் பல்பொடியும் அதே குழிக்குள் போயின. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு பச்சமுத்து முதல்முறையாக வேப்பங்குச்சியால் பல் துலக்கினார். கசப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது; துக்கம் என்று நினைத்து சுலோச்சனா கொஞ்சம் இறங்கிவந்தாள்.

ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம். அதற்குள் குஞ்சு சேவலாக வேண்டும். சுலோச்சனா போய்க் கேட்டது சிட்டம்மாளை. சிட்டம்மாள் தன் தாய்க்கோழியையும் அதன் ஏழு குஞ்சுகளையும் வாரத்துக்குக் கொடுத்தாள்: வளர்ப்பது சுலோச்சனா, வளர்ந்ததும் ஆளுக்குப் பாதி, ஒற்றைப்படையில் நிற்கிற ஒன்று அம்மனுக்கு. கொடுத்ததோடு ஒரு யோசனையும் சொன்னாள்.

"குஞ்சு வெரசா வளரணும்னா தவிடு, நொய்யெல்லாம் வேலைக்கு ஆவாதும்மா. கறையான் போடணும். கறையான் துன்ன குஞ்சு மூணு மாசத்துல கூவும்."

"கறையானுக்கு எங்கடி போறது?"

சிட்டம்மாள் கரும்புக் கொல்லையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுலோச்சனாவும் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

போகிக்கு வெளியே எறிந்த பழைய பானைகள் அப்போது ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்திலும் கிடந்தன. பொங்கலுக்குப் புதுப்பானை வந்ததும் அதுகளின் உத்தியோகம் முடிந்துவிட்டது. சிட்டம்மாள் வீடு வீடாகப் போய்ப் பதினேழு பானை பொறுக்கிவந்தாள். ஒன்று வாய் உடைந்தது, ஒன்று விரிசல். அடிக்கரி ஏறின பெரிய பானை ஒன்று வீராசாமி வீட்டுடையது. ஒவ்வொன்றிலும் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், பொங்கல் கரும்பின் காய்ந்த சோகை திணித்து, மேலே மோர் கலந்த தண்ணீர் தெளித்து, சாலுக்குச் சால் இடம்விட்டுக் கவிழ்த்துவைத்தாள். மேற்குப் பாதியில் ஒன்பது, பவுடர் விழுந்த கிழக்குப் பாதியில் எட்டு. மேற்குப் பானைகளுக்கு மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள்.

"பொட்டு வெச்சத மட்டும் குஞ்சுக்குப் போடு. பொட்டு இல்லாதத குண்டான் தண்ணில கொட்டி முக்கிடு. அந்தப் பக்கத்து கறையான் பவுடர் துன்னு கெடக்கும்."

மறுநாள் காலை புதுக் கரணை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த பச்சமுத்து, வரப்பில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய நிலத்தில், அவருடைய கரும்புக்கு நடுவில், கறையானுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. பந்தியும் வைத்திருந்தார்கள். மோர் உட்பட.

"சிட்டம்மா! இன்னாது இது? என் கொல்லில கறையான் பண்ண வெக்கிறியா?"

"பண்ண நீதான் வெச்சிருக்கய்யா. மக்காத எருவ வண்டி வண்டியா கொட்டினியே, அது யாருக்கு நாஷ்டா? கரும்புக்கா? அத்த மோந்துக்கினு வந்த கறையான், எரு தீந்ததும் பக்கத்துல இன்னா கீதுன்னு பாத்துச்சி. கரணை இருந்துச்சி." சிட்டம்மாள் குனிந்து ஒரு பானையைத் தூக்கினாள். உள்ளே கோணி முழுக்கக் கறையான், சோற்றுப் பருக்கை உயிர் பெற்றது மாதிரி நெளிந்தது. "இதுங்க இங்க இல்லன்னா எங்க இருக்கும்? உன் கரணைக்குள்ள இருக்கும். எங்க இருந்தா உனக்கு நல்லது, நீயே சொல்லு."

பச்சமுத்துவுக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் பவுடர் வராத பதில் எதுவும் முழுமையானது அல்ல என்று அவருக்குப் பட்டது.

சிட்டம்மாள் இன்னும் இரண்டு காரியம் செய்யச் சொன்னாள். மக்காத எருவை வாரி வெளியே குவிக்கவேண்டும். காய்ந்த மண்ணில்தான் கறையான் குதிக்கும் என்பதால், கரண்டு வரும்போதெல்லாம் மேலாகத் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருக்கவேண்டும். பானை தூக்குகிற வேலையை சுலோச்சனா புருஷனிடமே ஒப்படைத்தாள். "நீதானே கொன்ன? நீயே வளத்து வுடு."

ஆக, தினமும் விடிந்ததும் பச்சமுத்து பானை பானையாகத் தூக்கிக் கோணியை உதறினார். குஞ்சுகளுக்கு ஒரு வாரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. தாய்க்கோழியை விட்டுவிட்டு அவர் பின்னால் சுற்ற ஆரம்பித்தன. அவர் நின்றால் நின்றன. அவர் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி. ஒரு நாள் டீக்கடைக்கும் ஏழும் வரிசையாக வந்து பெஞ்சுக்குக் கீழே நின்றுகொண்டு, அவர் எப்போது எதை உதறுவார் என்று அண்ணாந்து பார்த்தன.

"மச்சானுக்கு இந்த வயசுல ஏழு புள்ள பொறந்துகீது" என்று வீராசாமி எல்லாருக்கும் அறிவித்தார். "எல்லாம் அப்பன மாதிரியே. மூஞ்சில மஞ்சப் பவுடர்!"

பச்சமுத்து பொறுத்துக்கொண்டார். அவர் கண் முழுக்கப் பங்குனி இருபதில் இருந்தது. மாசி முடிவதற்குள் மேற்குப் பக்கம் பச்சைப் பச்சையாய் முளை எழும்பத்தான் செய்தது. கிழக்கே கொஞ்சம் மந்தம். நியாயமாகப் பார்த்தால் அவர் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஆனால் ஒரு மனிதர் முப்பத்தாறு வருஷமாக எதை நம்பினாரோ அது குழிக்குள் கிடக்க, மோர் தெளித்த பழைய பானை அந்த இடத்தில் உட்கார்ந்து பேர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை.

மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால், சுலோச்சனா அறியாத பொட்டலம் ஒன்று இருந்தது. கால் கிலோ.

அவர் மனசாட்சியோடு கலந்து பேசினார். பேச்சுவார்த்தை இப்படிப் போயிற்று: கறையான் எல்லாம் ஒரே பானையில் கூடுகிறது. கூடின இடத்தில் ஒரு பிடி போட்டால் வம்சமே முடிந்தது. பொட்டு வைத்த பானையில் போட்டால் தப்பு, அது குஞ்சுக்குரியது. பொட்டு இல்லாதது எப்படியும் தண்ணீரில் முக்குவதற்குத்தானே? எனவே இதைச் சுலோச்சனாவின் உத்தரவை மீறியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. மனசாட்சிக்கு இந்த வாதத்தில் இரண்டு மூன்று ஓட்டை தெரிந்தது. ஆனால் அது பொட்டலத்தின் கட்சியில் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உச்சி வெயிலில் ஊர் சாப்பாட்டில் இருக்கும்போது, கிழக்குப் பக்கம் நடுவில் இருந்த பானையைத் தூக்கி, இரண்டு கை நிறைய பவுடரைப் போட்டு மூடினார். அது வீராசாமி வீட்டுப் பானை என்பது தற்செயல்தான். குஞ்சுகள் ஏழும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. சாட்சி சொல்லத் தெரியாத ஜீவன்கள்.

மறுநாள் அந்தப் பானைக்குள் நூறு கறையான் செத்துக் கிடந்தது. பச்சமுத்துவின் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கு மறுநாள் பத்து. அப்புறம் ஒன்றுகூட இல்லை. வெற்றி என்று நினைத்தார். வம்சம் முடியவில்லை, வழி மாறியிருந்தது. செத்தவற்றைப் பார்த்தோ வாடை பிடித்தோ, மற்றதெல்லாம் அந்தப் பானையை ஒதுக்கிவிட்டுச் சுற்றி இருந்த கரணைகளுக்குள் குடியேறின. மற்ற பதினாறு பானையைச் சுற்றிலும் பயிர் வளர, இந்த ஒன்றைச் சுற்றி மட்டும் முளைகள் ஒவ்வொன்றாக வாடிச் சாய்ந்தன. பங்குனி பிறந்தபோது அங்கே வட்டமாக, கச்சிதமாக, ஒரு சொட்டை விழுந்திருந்தது. நடுவில் வீராசாமியின் பானை, கோயில் குளத்து நடு மண்டபம்போல் உட்கார்ந்திருந்தது.

பச்சமுத்து அந்தப் பக்கம் யாரையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டார். பானையையும் தானே தூக்கினார். முளைப்பை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒரு தடவை நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வந்தது, ஒரு தடவை நாற்பத்தொன்பது.

பங்குனி இருபதாம் தேதி ஏசுதாஸ் வந்தார். வேடிக்கை பார்க்க வீராசாமியும் வந்தார். சுலோச்சனா வந்தாள், சிட்டம்மாள் வந்தாள், குஞ்சுகள் சொல்லாமலே வந்தன. எந்தச் சாலில் எண்ணவேண்டும் என்பதில் பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காக ஏசுதாஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பேனா மூடியை நிலத்துக்குள் எறிவார். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்தடுத்து ஐந்து சால். சாலுக்கு நூறு கரணை.

எறிந்தார். மூடி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, வீராசாமி வீட்டுப் பானையின் தலையில் டக்கென்று விழுந்தது.

பச்சமுத்து பானைக்கும் ஏசுதாஸுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

முதல் சால், முப்பத்தொன்று. இரண்டாவது, நாற்பத்து நாலு. வீராசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லாரி ஆரன் சத்தம் எப்படி இருக்கும் என்று வாயாலேயே ஒரு தடவை செய்து காட்டினார். மூன்றாவது சால் சொட்டையைத் தாண்டி இருந்தது. அறுபத்து மூன்று. நாலாவது, ஐம்பத்தெட்டு.

"நூத்தித் தொண்ணூத்தாறு" என்றார் ஏசுதாஸ். "கடைசி சால்ல அம்பத்து நாலு இருக்கணும்."

குனிந்து குனிந்து எண்ணிக்கொண்டு போனார். பச்சமுத்து பின்னால் போனார். ஐம்பதைத் தொட்டதும் பச்சமுத்து மூச்சு விடுவதை நிறுத்தினார். ஐம்பத்தொன்று. நாலைந்து கரணைக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று. அப்புறம் ஒரு வெற்றிடம். ஏசுதாஸ் நின்று, கைக்குட்டை எடுத்து, சாவகாசமாக முகம் துடைத்துக்கொண்டார். பிறகு மேற்கே சால் முடிகிற இடத்தில், பொட்டு வைத்த பானை ஒன்றின் நிழலில், நாலு முளை சேர்ந்தாற்போல் நின்றது.

"அம்பத்தேழு. மொத்தம் இருநூத்தி அம்பத்து மூணு. தப்பிச்சீங்க." ஏசுதாஸ் திரும்பிப் பார்த்தார். "ஆமா, எல்லா இடத்துலயும் நல்லாத்தானே வந்திருக்கு? அங்க மட்டும் ஏன் வட்டமா சொட்டை?"

பச்சமுத்து வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அந்தப் பானைல பவுடர் போட்டேன்" என்றார்.

சுலோச்சனா வாயைத் திறப்பதற்குள் சிட்டம்மாள் சொன்னாள்: "போட்ட மறுநாளே மோந்து பாத்துட்டேன். தானா சொல்லுவாருன்னு பாத்துக்கினு கீறேன். மாசம் ஒண்ணாவப்போவுது."

"உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல எடம் கீதான்னு பாக்கச் சொல்லட்டா?" என்றாள் சுலோச்சனா.

ஏசுதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவுப் படிவத்தை எடுத்தார். வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்து பதினாலாவது கட்டத்தில் நின்றார். "கறையான் தடுப்புக்குப் பயன்படுத்திய மருந்தின் பெயர், அளவு. இத காலியா வுட்டா ஆபீஸ்ல திருப்பிடுவாங்க. இன்னா எழுதட்டும்? பி.எச்.சி.ன்னு எழுதிட்டா ஒரு தொந்தரவும் இல்ல."

பச்சமுத்து சொட்டையைப் பார்த்தார். குஞ்சுகளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, பவுடர் என்ற சொல் வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை.

"பானைன்னு எழுதுங்க சார்."

ஏசுதாஸ் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதினார்: பானை, 17 எண்ணம். மோர், போதிய அளவு.

சித்திரையில் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. தாங்கள் குறிப்பிட்டுள்ள 'பானை' என்னும் மருந்து இவ்வாலையின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் காணப்படவில்லை; எனவே தங்கள் பதிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது; பதினைந்து தினங்களுக்குள் மேற்படி மருந்தின் மாதிரியுடன் நேரில் ஆஜராகத் தவறினால் பதிவு ரத்து செய்யப்படும் என்று அதில் கண்டிருந்தது.

"இதுங்களோட பெரிய பேஜாரா போச்சே" என்றார் பச்சமுத்து. ஆனால் மாதிரி என்றால் மாதிரிதான். மறுநாள் காலை நன்றாகக் கூடியிருந்த பானையாகப் பார்த்துத் தூக்கி, வாயைக் கோணியால் இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் பழைய பழக்கத்தில் நாலடி தள்ளி நின்றே டிக்கெட்டை நீட்டினார்.

"இன்னாண்ணே, பவுடரா?"

"பவுடர்லாம் வுட்டாச்சி."

பஸ்ஸே நிம்மதியாக மூச்சு விட்டது. இரண்டு பேர் தைரியமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஸ்டாப் தாண்டும்போது அவர்களில் ஒருவர் தன் வேட்டியில் ஏதோ ஊர்வதைப் பார்த்தார். மீதி வழியெல்லாம் பச்சமுத்துவுக்கு மூன்று பேர் சீட்டு.

ஆலை ஆபீசில் கிளார்க் ஒருவர், இருபது வருஷக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில், கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்தார். பானையைப் பார்த்தார்.

"டேபிள் மேல வைங்க. தொறந்து காட்டுங்க."

"வேணாம் சார். நான் சொல்லிடறேன், நீங்க எழுதிக்குங்க."

"மாதிரிய பாக்காம எப்டிங்க சரிபார்க்கிறது? ரூல் இல்ல?"

ரூல் என்றபின் ஒரு குடியானவன் என்ன செய்யமுடியும்? பச்சமுத்து கோணியை அவிழ்த்தார். வழக்கப்படி ஓர் உதறு உதறினார்.

ஈசலாகப் பறக்காத, இன்னும் கால்நடையாகவே வாழ்கிற, இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் பட்டினி கிடந்த சில ஆயிரம் கறையான்கள் மேஜைமேல் விழுந்து, சுற்றிலும் பார்த்தன. இப்படி ஓர் இடத்தை அவை பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் காகிதம். ஒரு கூட்டம் நடப்பு வருஷ ரிஜிஸ்தரை நோக்கியும், இன்னொரு கூட்டம் சம்பளப் பட்டியலை நோக்கியும் ஒழுங்காகப் பிரிந்து நடக்க ஆரம்பித்தது.

அந்த ஆபீஸ் திறந்த நாளிலிருந்து அவ்வளவு வேகத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு விழுந்ததில்லை. டக், டக் என்று இரண்டு. கையெழுத்து, தேதி, எல்லாம் அரை நிமிஷத்துக்குள். 'பானை' பட்டியலில் ஏறியது, பதிவு உறுதியானது.

"போதும், போதும், எடுத்துட்டுப் போங்க!" கிளார்க் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு கேட்டார். "யோவ், மிச்சம் இருக்குற இதுக்கு என்ன மருந்துய்யா போடறது?"

பச்சமுத்து பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிபுணருக்குரிய நிதானத்தோடு சொன்னார்: "பவுடர் மட்டும் போட்டுடாதீங்க சார். எங்கிட்ட ஏழு குஞ்சு இருக்கு, வேணும்னா அனுப்பிவெக்கிறேன்."

ஆடியில் சேவல் பொன்னியம்மனுக்குப் போயிற்று. சொன்ன நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கூவ ஆரம்பித்து, போன சேவலைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. அம்மன் அதை உயிரோடு ஏற்றுக்கொண்டாள். அது கோயிலிலிருந்து இறங்கி, மூன்றாம் நாள் காலை, பானை தூக்குகிற நேரத்துக்குச் சரியாகக் கரும்புக் கொல்லைக்கு வந்து நின்றது. இருமல் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த தையில் லாரி வந்தது. வாக்குக் கொடுத்தபடி பச்சமுத்து கரும்புமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிரைவரின் தலைக்கு மேலே தகரத்தைத் தட்டி, வீராசாமியின் வாசலில் நிறுத்தச் சொன்னார். ஆரன் மூன்று தடவை அடித்தது. தெருவே வெளியே வந்து நின்றது. வீராசாமியும் வந்தார், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரனெல்லாம் நல்லாத்தான் கீது மச்சான். மேட்டுக் கொல்லில நானும் அரை ஏக்கர் போடலாம்னு கீறேன்." கொஞ்சம் தயங்கினார். "எங்க வூட்டுப் பானைய எப்ப திருப்பித் தருவ?"

"அத்த மட்டும் கேக்காத" என்றார் பச்சமுத்து. "அதுல பவுடர் வாட இன்னும் போவல."